சாமியிடம் திருடிய ஒரு கொத்து முடி

1

ஈயம் உருகினால் வாசனை வராது என்பார்கள். எனக்கு வந்தது.

வருடப் பிறப்பன்று பிற்பகல். ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், பக்கத்து வீட்டு ஹெல்காவின் மேஜையில் ஒரு மெழுகுவர்த்தி. அதன்மேல் பழைய கரண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு என் மகள் மீரா நின்றாள். கரண்டிக்குள் மீன் வடிவத்தில் ஒரு சாம்பல் நிறத் துண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வால் குழைந்தது, தலை கரைந்தது, எல்லாம் சேர்ந்து ஒரே சொட்டாகத் திரண்டு கண்ணாடிபோல் மின்னியது. சுட்ட உலோகமும் கருகிய திரியும் கலந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குச் சித்தூர் வந்துவிட்டது. முழு ஊரும் வரவில்லை. வேலூர் ரோட்டுப் பக்கம், என் தங்கை வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரே ஒரு ஷெட் மட்டும் வந்தது.

இங்கே இது ஒரு வழக்கம். புது வருடத்துக்கு ஈயத்தை உருக்கித் தண்ணீரில் கொட்டுவார்கள். அது என்ன உருவத்தில் உறைகிறதோ அதைப் பார்த்து வருடம் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். ஈயம் கெடுதல் என்று கடைகளில் விற்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது மெழுகும் தகரமும்தான். ஆனால் ஹெல்காவின் இழுப்பறையில் பழைய பெட்டி ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது.

"கீழ வை அத!" என்று கத்தினேன்.

"தமிழில் கத்தாதே அம்மா. இவங்க பயப்படுறாங்க" என்று மீரா ஜெர்மனில் சொன்னாள். அவளுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இந்த ஏற்பாட்டை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. தலைமுடி நரைப்பதுபோல் ஆகிவிட்டது.

ஹெல்கா சிரித்தார். "சின்ன வயதிலிருந்து செய்கிறோம். எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?"

இதே வாக்கியத்தை நான் தெலுங்கில் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது அந்த ஷெட்காரர் சொன்னது.

நான் கையை நீட்டுவதற்குள் மீரா கரண்டியைக் கவிழ்த்துவிட்டாள். தண்ணீர் சுரீரென்றது. விரல் நுனி அளவில், மடிப்பு மடிப்பாய், ஒரு உருண்டை அடியில் கிடந்தது. அவள் குனிந்து பார்த்து, இந்தத் தடவை தமிழிலேயே சொன்னாள்: "அம்மா, உன்னோட மூளை மாதிரி இருக்கு."

ஜன்னலைத் திறந்துவிட்டேன். பனிக்காற்று வந்து மெழுகுவர்த்தியை அணைத்தது.

2

என்னோட மூளை என்று அவள் சொன்னது என் தலைக்குள் இருப்பதை அல்ல.

நான் ஒரு ஆய்வகத்தில் டெக்னீஷியன். மனிதர்கள் தானமாகக் கொடுத்த தோலிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் செல்களை எடுத்து, அவற்றைக் கருவில் இருந்த நிலைக்குப் பின்னோக்கி நடத்தி, பிறகு மூளைத் திசுவாக வளர வைக்கிறோம். பட்டாணி அளவுக்கு வரும். வெள்ளையாய், ஓரம் கொஞ்சம் புகைபோல் கலங்கி, இளஞ்சிவப்புத் திரவத்தில் மிதந்தபடி தட்டோடு சேர்ந்து நாள் முழுக்க மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். தொட்டிலை யாரோ ஆட்டுவதுபோல. உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் திரவத்தை மாற்ற வேண்டும். கிறிஸ்துமஸ், பொங்கல் எதுவும் அவற்றுக்குத் தெரியாது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் நான் முழுதாகப் போய் வந்ததில்லை.

இதை மூளை என்று சொல்லக் கூடாது. எங்கள் ஆய்வகத் தலைவி அதில் கறார். "மூளை போன்றது" என்றுதான் சொல்ல வேண்டும். அவற்றுக்குக் கண் இல்லை, காது இல்லை, வலி என்று நாம் சொல்வது இருப்பதற்கான அறிகுறியும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இதுங்க சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதாக நினைத்து ஜெர்மனில் ஒன்று கேட்டேன். அந்த மொழியில் மனிதர் சாப்பிடுவதற்கு ஒரு சொல், மிருகம் தின்பதற்கு வேறு சொல். நான் மனிதருக்குரியதைச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரன் திரும்பிப் பார்த்து, "எதுவுமே பொருந்தாது, திரவம் மாற்றியாச்சா என்று கேள்" என்றான். இன்றுவரை வாய்க்குள் நான் கேட்பது, மனிதருக்கும் மாட்டுக்கும் பொதுவான எங்கள் ஊர்ச் சொல்: "துன்னீங்களா?"

ஒரு வரிசைத் தட்டுகளில் சுத்தமான திரவம் ஊற்றுவோம். இன்னொரு வரிசையில் தெருப் புழுதியிலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் வடித்தெடுத்தது கொஞ்சம். மூன்றாவது வரிசையில் ஈயம் கொஞ்சம். கொஞ்சம் என்றால் கண்ணுக்குத் தெரியாத கொஞ்சம். சில வாரம் கழித்து மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், முதல் வரிசையில் செல்கள் தாமரையைக் குறுக்கே வெட்டியதுபோல் வட்டம் வட்டமாக அடுக்கியிருக்கும். மூன்றாவது வரிசையில் அந்த வட்டம் குலைந்திருக்கும். கோலத்தைத் தாண்டி மாடு நடந்துபோனதுபோல.

முதல் தடவை பார்த்த அன்று கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். ஈயம் எப்படி வேலை செய்கிறது என்று அறிந்த அதிர்ச்சி என்று என் தலைவி நினைத்துக்கொண்டார். அதுவல்ல. சில வருடத்துக்கு முந்தைய ஒரு ஃபோன் பேச்சு ஞாபகத்துக்கு வந்திருந்தது.

3

தமிழும் தெலுங்கும் கலந்த ஆந்திர எல்லை ஊரான நகரியில் பிறந்தவர்கள் நாங்கள். நான் தமிழில் படித்தேன். பத்து வருடம் சின்னவளான மஞ்சுளா பள்ளிக்கூடம் போனபோது தெலுங்கில் சேர்த்துவிட்டார்கள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. சித்தூரில் வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை பாபு மாம்பழக் கூழ் ஆலையில் வேலை. சீசன் இருக்கும்வரை வீட்டு வாசற்படிகூட மாம்பழம் மணக்கும். சீசன் முடிந்தால் மனிதர் வீட்டோடு.

அவள் ஐந்து மாதக் கர்ப்பமாய் இருந்தபோது ஃபோனில் கூப்பிட்டாள். நான் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மீராவின் ஒரு கால் ஷூ காணோம்.

"யக்கா, பின்னாடி ஷெட்ல ஆள் கேக்கறாங்க. பழைய பேட்டரிய ஒடச்சி, உருக்கறதுக்கு உள்ள கீற ஈயத் தகட்ட பிரிக்கற வேல. ஒக்காந்துகினே செய்றதுதான். தூக்கறது கீக்கறது இல்ல. போவட்டா?"

"உங்க வீட்டுக்காரர் இன்னா சொல்றாரு?"

"அவரு பேக்டரி மூடிட்டாங்கன்னு மல்லாக்க படுத்துக்கினு கீறாரு. அவர கேட்டுட்டு இன்னா ஆவப்போவுது? நீ சொல்லு. நீதான லேப்ல கீற."

அப்போது நான் இருந்த லேபில் எனக்கு வேலை சீசா கழுவுவது. அதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. லேப் என்ற சொல்லை மட்டும் சொல்லிவைத்திருந்தேன். தோசை கருகும் வாடை வந்தது. "போ. மூக்குல துணி கட்டிக்கோ. கைய நல்லா கழுவிட்டு துன்னு" என்றேன்.

எவ்வளவு அக்கறை பாருங்கள் அந்த இரண்டு புத்திமதியில்.

பிரசவத்துக்குப் பத்து நாள் இருக்கும்வரை அவள் போனாள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் மறுபடியும் போனாள். அவனைக் கூடையில் போட்டு ஷெட் ஓரத்தில் வைத்துக்கொண்டு, தகடு பிரித்த கையால் எடுத்துப் பால் கொடுத்தாள். பிள்ளைக்கு இரண்டரை வயதானபோது ஷெட்டைப் பிரித்து வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். தரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் மிச்சம். அதில் இன்றும் புல் முளைப்பதில்லை என்றாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கேதான் கோலி விளையாடுகிறார்கள். சமதரையாம்.

4

பிள்ளைக்குப் பெயர் வெங்கடேசு. வீட்டில் சின்னா. ஐந்து வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காது கேட்கிறது, பார்த்தாயிற்று. திருப்பதிக்கு, வேலூருக்கு என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள். ரத்தத்தில் ஈயம் இப்போது கொஞ்சம்தான் அதிகம், வயிற்றில் இருந்தபோதும் கைக்குழந்தையாக இருந்தபோதும் எவ்வளவு இருந்தது என்று இனிமேல் தெரிந்துகொள்ள முடியாது, இப்படி ஆவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று ஒரு டாக்டர் பொறுமையாகச் சொன்னாராம்.

மஞ்சுளா திருமலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஒரு தடவை அம்மா என்று சொன்னால் முதல் முடி உனக்கு. அதுவரை கத்தி படாது. அதனால் பிள்ளைக்கு இடுப்பு வரை முடி. எண்ணெய் வைத்து, பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவாள். தெருவில் பொம்பளப் பிள்ளை என்று கூப்பிடுவார்கள். அவன் எதற்கும் திரும்பாதவன், அதற்கும் திரும்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். என் வேலையைப் பற்றி மீரா மஞ்சுளாவிடம் எதையோ சொல்லிவைத்திருக்கிறாள்.

"உங்க ஊர்ல மூள வெளையுதாமே? எங்க ஊர்ல மாங்காதான் வெளையுது. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு அனுப்பேன், காலியா கீது."

பின்னாலிருந்து பாபு, "ரெண்டா அனுப்புங்க அக்கா. இவளுக்கும் ஒண்ணு" என்றார்.

சிரித்தோம். எனக்கும் பெருமை பொங்கியது. சீசா கழுவியவள் அல்லவா. விளக்கினேன். தோலிலிருந்து வளர்ப்போம், ரத்தத்திலிருந்து வளர்ப்போம். "ஒரு மயிர் போதும்டி. அதுல இருந்துகூட வளக்கலாம்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது.

"சின்னா முடியில இருந்து வளத்தா சின்னாவோட மூள வருமா?"

"அவனோடது மாதிரி ஒண்ணு வரும்."

"அத பாத்தா தெரியுமா யக்கா? இன்னா ஆச்சி, எதனால ஆச்சின்னு?"

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். முக்கியமானதைச் சொல்லவில்லை. மயிர் என்றால் சதையோடு பிடுங்கிய வேர் வேண்டும், உயிர் இருப்பது அங்கேதான், வெட்டிய முடி வெறும் நார் என்று சொல்லவில்லை. யாரும் பரீட்சை வைக்காத இடத்தில் பாதிப் பாடம் போதும் என்று நினைத்துவிட்டேன்.

5

போன மே மாதம் ஊருக்குப் போனேன். சின்னாவுக்கு மொட்டை.

பேசிவிட்டானா என்று கேட்காதீர்கள். பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், இந்த முடியோடு வராதீர்கள் என்றார்கள். மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்குப் போனால், ஃபோட்டோவில் பெண்பிள்ளையாக இருக்கிறது, படிவத்தில் ஆண் என்று இருக்கிறது, இதை முதலில் சரிசெய்துகொண்டு வா என்றாராம் அந்த ஜன்னலில் இருந்தவர். பாபுதான் முடிவெடுத்தார். "மொதல்ல நம்ம பங்க குடுத்துடலாம் அக்கா. சாமிக்கு அட்வான்ஸ். அவரு அப்புறமா குடுக்கட்டும்." சிரிப்பதற்காகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

திருமலையில் மொட்டையடிக்கும் கூடம். ஈரத்தரை, வரிசை வரிசையாய் உட்கார்ந்த தலைகள், குழாய்த் தண்ணீர், குழந்தைகளின் அழுகை. எங்கள் ஆய்வகத்தில் தட்டுகளை அடுக்கிவைத்திருக்கும் ஒழுங்கு இங்கேயும் இருந்தது. எனக்கு ஏன் அப்படித் தோன்றியதோ. பாபு மடியில் சின்னாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாவிதர் வயதானவர். தண்ணீர் தெளித்து, முடியை நான்கு கொத்தாகப் பிரித்து முடிச்சுப் போட்டார். "கதலகுரா கன்னா" என்றார். அசையாதே கண்ணா. மற்றப் பிள்ளைகள் வீறிட்டுக்கொண்டிருக்க, சின்னா கத்தியின் சத்தத்தைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.

"மஞ்சி பில்லோடு" என்றார் நாவிதர். நல்ல பையன். மஞ்சுளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு கொத்தாக விழுந்தது. அவள் குனிந்து துண்டை எடுத்துப் பிள்ளையின் தோளைத் துடைத்தாள். துடைத்தாள் என்றுதான் நான் நினைத்தேன். நிமிர்ந்தபோது தரையில் மூன்று கொத்துதான் இருந்தது. அதுவும் எனக்கு உறைத்தது பிறகுதான். சந்தனம் பூசிய அந்தச் சின்னத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சின்னதா அது?

6

ஜெர்மனிக்கு வந்து, மஞ்சுளா கொடுத்தனுப்பிய அந்த நான்காவது கொத்தை மேஜையில் வைத்துப் பார்த்தேன். ஒரு முனை மொட்டையாக, கத்தி பட்டது. மறுமுனை ஊசிபோல் கூர்ந்து, எதுவும் படாதது. வேர் ஒன்றுகூட இல்லை.

இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு மனிதரின் செல்லை வளர்க்க அவருடைய சம்மதம் வேண்டும், அவர் மொழியில் எழுதிய படிவம் வேண்டும், அனுமதி தர ஒரு குழு கூடி முடிவெடுக்க வேண்டும். பேசாத பிள்ளைக்காகத் தாய் தெலுங்கில் கையெழுத்துப் போட வேண்டும். என் தலைவியிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். அவர் கெட்டவர் அல்ல. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "வளர்த்தாலும் என்ன தெரியும்? இந்தப் பையனின் செல்லை ஈயம் என்ன செய்யும் என்று தெரியலாம். இந்தப் பையனை என்ன செய்தது என்று தெரியாது. நம் தட்டில் இருப்பதற்கு ரத்த ஓட்டம் இல்லை, உடம்பு இல்லை, அம்மா இல்லை."

அம்மா இல்லை. அதனால்தான் எங்கள் வேலை இவ்வளவு சுத்தமாக நடக்கிறது. கூடையில் போட்டு ஓரத்தில் வைக்க யாரும் இல்லை. போ என்று சொல்ல அக்காவும் இல்லை.

ஆனால் முடி வேறொன்றைச் சொல்லும். அது வளர வளர உடம்பில் ஓடுவதை உள்ளே அடைத்துக்கொண்டே வரும். வெட்டாத முடியின் நுனி என்பது அவன் கைக்குழந்தையாக இருந்த காலம். உலோகங்களை அளக்கும் பிரிவில் இருக்கும் ஒரு சிநேகிதியிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டேன். சொந்த விஷயம், ஆய்வில் சேராது என்று எழுதி வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தாள். முதலில் நன்றாகக் கழுவினாள். வெளிப்புழுதி எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றாள்.

கத்தி பட்ட முனையிலிருந்து நுனிக்குப் போகப் போக ஈயம் ஏறிக்கொண்டே போகிறது. தாளில் கோடு போட்டுக் கொடுத்தாள். மேட்டில் ஏறும் பாதைபோல் இருக்கிறது. அது முடியும் இடத்தில் அந்த ஷெட் இருக்கிறது.

மூன்று வாரமாகத் தாள் என் இழுப்பறையில் கிடக்கிறது. ஹெல்காவின் இழுப்பறையில் ஈயப் பெட்டி கிடந்ததுபோல. மஞ்சுளா இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் மாங்காய் ஊறுகாயைப் பற்றிப் பேசினோம். வைக்கும் முன், "வேற ஒண்ணும் இல்லையே யக்கா?" என்றாள். வேற ஒண்ணும் இல்லை என்றேன்.

தாளின் பின்பக்கம் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். 'ஈயம் இருந்தது, ஆனால் அதனால்தான் என்று சொல்ல முடியாது.' இது உண்மை. அடித்தேன். 'ஆயிரம் காரணம் இருக்கலாம்.' இதுவும் உண்மை. அதையும் அடித்தேன். உண்மையாகவும் இருந்து, நான் ஒளிந்துகொள்ள இடமும் கொடுக்கும் வாக்கியங்கள் எனக்கு நன்றாக வருகின்றன. இந்த ஊரில் கற்றது. கடைசியில் அடிக்காமல் விட்டது ஒன்றுதான்: 'நீ என்னைக் கேட்டாய், நான்தான் போகச் சொன்னேன்.' மாப்பிள்ளை இன்றும் அவள் யாரையும் கேட்காமல் போனாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆறு வருடத்தில் அவரிடமோ என்னிடமோ அந்த ஃபோன் பேச்சை அவள் ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

நாளை ஞாயிறு. கூப்பிடப் போகிறேன். அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரிகிறது. இதை அவளால் படிக்க முடியாது என்பதும் தெரிகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

7

அன்று மொட்டை முடிந்து மலையிலிருந்து இறங்கி, திருப்பதி பஸ் ஸ்டாண்டில் பிரிந்தோம். எனக்குச் சென்னை பஸ், அவர்களுக்குச் சித்தூர் பஸ். பாபு சின்னாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வாங்கப் போயிருந்தார். ஒலிபெருக்கியில் தெலுங்கு இடைவிடாமல் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் மஞ்சுளா கீழேயிருந்து லட்டுப் பையை நீட்டினாள்.

"மேல கீற லட்ட துன்னு. மீராவுக்கும் குடு. அடியில ஒரு கவர் கீது, அத துன்னாத."

பிரித்துப் பார்த்தேன். ஈரம் காயாத கருமுடி. ஓரத்தில் சிவப்பு ரிப்பன் துண்டு.

"மஞ்சு, இது சாமிக்கு விட்டதுடி."

"தெரியும். திருடிக்கினு வந்துட்டேன்."

"சாமி கேட்டா?"

"கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன். அவரு மொதல்ல எனக்கு பதில் சொல்லட்டும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு மயிரு போதும்ன. நான் ஒரு கொத்தே குடுத்துட்டேன். வளத்து பாரு."

வேர் இல்லை, வளராது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். டிரைவர் ஏறிவிட்டார். வண்டி உறுமி, புகை பின்னாலிருந்து சுருண்டு அவள்மேல் வந்தது. அவள் மூக்கை மூடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு கூடவே நடந்தாள்.

"இன்னா வந்தாலும் சொல்லு யக்கா. என்னாலதான்னு வந்தாலும் சொல்லு. யாராலயும் இல்லன்னு மட்டும் சொல்லிடாத."